அந்த நோட்டைத் திருப்பி வையுங்கள்

நிலைய இயக்குநர் அவர்களுக்கும், தலைமையகத்தில் இருந்து இந்த முடிவுக்கு ஒப்புதல் கொடுத்தவர்களுக்கும்,

போன மாதம் உங்கள் அணுமின் நிலையத்தில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருக்கிறீர்கள். ஒன்றரைப் பக்கம். அதன் மூன்றாவது பத்தி சொல்வது இது: ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் கண்ணில் படும் குறைகளை இனிமேல் குறைப் பதிவேட்டில் நேரடியாக எழுதக் கூடாது. ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அவர் தேவை என்று கருதினால் மேலே அனுப்புவார். காரணமாக நீங்கள் சொல்லியிருப்பது "பதிவுகளை ஒழுங்குபடுத்துதல்". உடை மாற்றும் அறைக்கு வெளியே, சணல் கயிற்றில் கட்டிய பேனாவோடு மேசைமேல் பதிவேடாகக் கிடந்த அந்த நீள நோட்டையும் அன்றைக்கே எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அந்த நோட்டுக்காகத்தான் இந்த மடல்.

நான் அங்கே மெக்கானிக்கல் மெயின்டெனன்ஸில் 31 வருஷம் இருந்தவன். டிரெய்னியாக நுழைந்து ஃபோர்மேனாக வெளியே வந்தேன். நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நாட்டில் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர், வைத்து ஓடும் அணு உலைகள் இருக்கிற ஐந்து ஊர்களில் ஒன்று, அவ்வளவு போதும். உங்களுக்குத் தெரியும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும். ஊரைப் பயமுறுத்த எனக்கு ஆசை இல்லை. அணு உலையே கூடாது என்கிற பக்கத்திலும் நான் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அந்த உலை இன்னும் பல வருஷம் ஒழுங்காக ஓட வேண்டும் என்று நினைப்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். என் சீனியர் கையில் ஒரு பனியன் துணியும் ஒரு டார்ச்சும் கொடுத்தார். துணி எதுக்கு சார் என்றேன். "துடைக்கிறதுக்கு" என்றார். டார்ச்? "துடைக்கிறதுக்கு முன்னாடி பாக்கிறதுக்கு." எந்தக் குழாயில் எந்த இணைப்புக்குக் கீழே ஈரம், என்ன நிறம், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, இதையெல்லாம் எழுதிய பிறகுதான் துணி கீழே போக வேண்டும். கனநீர்ப் பக்கம் என்றால் இன்னும் கெடுபிடி. ஒரு கிலோ கனநீரின் விலையைச் சொல்லியே எங்களை மிரட்டுவார்கள். விலை ஒரு பக்கம். அதில் டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜன் இருக்கும். கசிந்து ஆவியானால் மூச்சிலும் தோலிலும் ஏறும். அதற்காகத்தான் எங்களிடம் சிறுநீர் பாட்டில் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அளவு கொஞ்சம் கூடிவிட்டால் "தண்ணி குடி, மோர் குடி, ஓடிப் போய் ஒண்ணுக்கு இரு" என்பதுதான் வைத்தியம். சிரிப்போம். ஆனால் மறுநாள் அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்று தேடாமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போனதில்லை.

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன். ஆறு வருஷம் ஒவ்வொரு நாள் காலையும் அதைப் படித்துத் தரம் பிரித்தது நான்தான். அதனால் உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். பாதிக்குமேல் குப்பை. லைட் எரியவில்லை, கேன்டீன் சாம்பாரில் உப்பு இல்லை, எட்டாம் எண் லாக்கர் பூட்டுத் திறக்கவில்லை. ஒருத்தர் டீயைப் பற்றி நாலு வரிக் கவிதையே எழுதியிருந்தார், மோசமான கவிதை. இவை எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர் விழும், நிலுவைப் பட்டியல் நீளும், மாதாந்திரக் கூட்டத்தில் அந்த எண்ணிக்கையைத் திரையில் போட்டு உங்களைக் கேள்வி கேட்பார்கள். நோட்டை எடுத்தால் எண்ணிக்கை குறையும். வாஸ்தவம்தான். ஆனால் குறைவது எண்ணிக்கை மட்டும்தான்.

அந்தக் குப்பைக்கு நடுவில் கிடந்த ஒரு வரியைச் சொல்கிறேன். பம்பு ஹவுஸைக் கூட்டித் துடைக்க ஒரு அம்மா வருவார். ஒப்பந்தக் கூலி. அந்த ஒரே அறையில் ஒன்பது வருஷம். எழுதத் தெரியாது. ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய், மூன்றாவது பம்பு இன்றைக்கு வேறு மாதிரி அழுகிறது என்று தன் பாஷையில் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவர் முனையைப் பேரிங் மூடிமேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதிர்வு அளக்கும் கருவியும் எல்லைக்குள்தான் காட்டியது. ஆனாலும் அவர் பெயரிலேயே நோட்டில் எழுதினேன், பக்கத்தில் ரேகை வைத்தார். அடுத்த ஷட்டவுனில் அந்தப் பம்பைப் பிரித்தபோது, பேரிங்கில் குண்டுகளைப் பிடித்து நிறுத்தும் வளையம் இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. இன்றைக்கு அந்த அம்மா இருந்தால் உங்கள் சர்க்குலர்படி யாரிடம் போக வேண்டும்? தன்னை நாளைக்கு வேலைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவரிடம்.

இது பழைய கதை என்பீர்கள். புதுக் கதையும் இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன், ஐடிஐ ஃபிட்டர், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். உங்கள் நிலையத்தில் ஒரு ஒப்பந்ததாரரிடம் இருக்கிறான். டர்பைன் பில்டிங்கில், நீராவி ஜெனரேட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஃபீட் வாட்டர் லைனுக்குக் கீழே தரையைச் சுத்தம் செய்யும்போது, மேலே லேகிங்கை, அதாவது சூடு போகாமல் குழாய்க்குப் போட்ட உறையை, சுற்றிய தகரத்தின் ஓரத்தில் டீத்தண்ணீர் நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். கை வைத்தால் தகரம் வெதுவெதுப்பாக, ஓரம் ஈரமாக இருந்ததாம். சூப்பர்வைசரிடம் சொன்னான். அவர் சொன்ன பதில் இது: "எழுதினா பெர்மிட் வாங்கணும், லேகிங் பிரிக்கணும், ரெண்டு நாள் நம்ம வேலை நிக்கும். நின்ன நாளுக்கு பில்லு உங்க அப்பனா கட்டுவான்? உன் வேலை துடைக்கிறது. துடை." துடைத்துவிட்டான்.

பத்தொன்பதாம் நாள் அதே லைனில் தண்ணீரை வடித்துவிடும் ஒரு சிறிய டிரெயின் குழாயின் வெல்டு விட்டது. நீராவி பீய்ச்சியடித்து, யூனிட்டை நிறுத்த வேண்டி வந்தது. டீ நேரம், அதனால் அங்கே ஆள் இல்லை. உலைக்கு ஒன்றும் ஆகவில்லை, கதிர்வீச்சு இல்லை, எல்லாம் சரி. ஆனால் அதைப் பற்றிய உங்கள் உள் அறிக்கையில் ஒரு வாக்கியம் இருந்ததாக அங்கே இருக்கும் பழைய சகாக்கள் சொன்னார்கள்: "முன்னறிகுறி எதுவும் தென்படவில்லை."

தென்பட்டது ஐயா. துடைக்கப்பட்டது.

நோட்டு மேசைமேல் இருந்த காலத்திலேயே அந்தப் பையனுக்கு அதைத் தொடப் பயம். இரண்டு மாதம் கழித்து உங்கள் சர்க்குலர் வந்து, அந்த சூப்பர்வைசர் கோபத்தில் சொன்னதையே நிலையத்தின் விதியாக்கிவிட்டது. எனக்குத் தாங்காமல் போனது இந்த இடம்தான்.

குழாய் என்றதும் எனக்கு ஜப்பானின் மிஹாமா நினைவுக்கு வருகிறது. 2004 ஆகஸ்ட் 9 அன்று அங்கே மூன்றாவது யூனிட்டின் டர்பைன் பக்கத்தில் ஒரு குழாய் வெடித்து ஐந்து பேர் வெந்து செத்தார்கள். அந்த உலை 1976-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 10 மில்லிமீட்டர் கனம் இருந்த குழாய், வெடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தது. உள்ளே ஓடும் வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக அரித்ததுதான் காரணம். அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்கவில்லை, ஏனென்றால் அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அந்த இடம் தவறிப் போயிருந்தது. 28 வருஷம். செத்தவர்கள் யார்? சில நாளில் தொடங்க இருந்த பராமரிப்பு நிறுத்தத்துக்குச் சாமான் எடுத்து வைக்க உள்ளே போயிருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். நம் கதையில் டீ நேரம் காப்பாற்றியது. அவர்களுக்கு அது வாய்க்கவில்லை.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸியை உங்களில் எல்லோரும் டிரெய்னிங்கில் படித்திருப்பீர்கள். உலைப் பாத்திரத்தின் மூடியில் ஒரு விரிசல் வழியாகக் கசிந்த போரிக் அமிலம், பதினாறு சென்டிமீட்டருக்குமேல் கனமான இரும்பை அரித்துத் தின்றுவிட்டது. 2002 மார்ச்சில் கண்டுபிடித்தபோது, அந்த இடத்தில் உள்ளே இருந்த அழுத்தத்தைத் தாங்கி நின்றது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டும். அந்தக் கதையில் என்னை உறுத்துவது ஓட்டை இல்லை, வடிகட்டி. கட்டடத்துக்குள் காற்றைச் சோதிக்கும் கருவியின் வடிகட்டிகளில் துருத்தூள் அடைத்துக்கொண்டே இருந்தது. எப்போதோ ஒரு முறை மாற்றுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினார்கள். யாரோ ஒருத்தர் மாதக்கணக்கில் அதைக் கழற்றி, சிவப்புத் தூளைப் பார்த்து, புதுசைப் போட்டிருக்கிறார். அந்தக் கை பார்த்ததை முடிவெடுக்கும் தலை கேட்கவில்லை. மூடியைப் பார்க்கும் சோதனையையும், நிலையம் கேட்டுக்கொண்டதால், 2001 டிசம்பர் முடிவில் இருந்து 2002 பிப்ரவரிக்குத் தள்ளிப்போட்டார்கள்.

வெளிநாடு வேண்டாம், நம் வீட்டைப் பார்ப்போம். 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையம். டர்பைனின் கடைசி வரிசையில் இரண்டு பிளேடு முறிந்தது. அதிர்வில், ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனை வெளியே விடாமல் அடைக்கும் சீல் விட்டது, தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. மாற்று மின்சாரக் கேபிள்களும் அதே வழியில் போனதால் எல்லாம் கருகி, நிலையம் 17 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது. உலை நின்றுவிட்டது, ஆனால் நின்ற உலைக்கும் தண்ணீர் வேண்டும். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்புகளைக் கொண்டு நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். ஆபரேட்டர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப் போய், கையால் வால்வைத் திறந்து, அணுப்பிளவை அடக்கும் போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். எந்தப் படியில் எத்தனை அடி, எந்தத் திருப்பத்தில் தலை இடிக்கும் என்று கால் பழகியவர்களால் மட்டுமே அந்தப் புகையில் அதைச் செய்ய முடியும். ஒப்பந்தம் மாறினால் ஆறு மாதத்தில் மொத்த ஆளும் மாறிவிடும் ஒரு நிலையத்தில், அப்படி ஒரு கால் எப்போது பழகும்?

இதையெல்லாம் வைத்து நம் ஆட்களைக் குறைவாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் முதல் யூனிட் 2016 மே 13-ல் ஓட ஆரம்பித்து 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் நிற்காமல் ஓடியது. அப்போது அது உலக சாதனை. ஓடிக்கொண்டே எரிபொருள் மாற்ற முடிவது கனநீர் உலையின் வரம். அது மட்டும் போதாது. 962 நாளும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாரோ ஒருத்தர் டார்ச்சோடு நடந்திருக்க வேண்டும். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்று இங்கே கிராமத்தில் டீக்கடைக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் உலைக்கு வயதாகிறது. நம் உலையின் மத்தியில் எரிபொருள் வைத்த 306 குழாய்கள் கிடக்கின்றன. உள்ளே கிட்டத்தட்ட 290 டிகிரி வெந்நீர். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெளிக்குழாய், அதற்கு வெளியே அவ்வளவு சூடில்லாத கனநீர். உள்குழாய் வருஷக்கணக்கில் சூட்டிலும் கதிர்வீச்சிலும் கிடந்து, துணி காயும் கொடிபோல நடுவில் தொய்கிறது. தொய்ந்து வெளிக்குழாயில் தொடாமல் இருக்க நடுநடுவே சுருள் வளையங்கள். 1983-ல் கனடாவின் பிக்கரிங்கில் அந்த வளையங்கள் இடம் மாறி, குழாய்கள் தொட்டு, தொட்ட இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து கொப்புளித்து, ஓடிக்கொண்டிருந்த உலையில் குழாய் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் இங்கேயும் பழைய உலைகளில் மொத்தக் குழாய்களையும் மாற்ற வேண்டும் என்ற முடிவு வந்தது. எங்கள் நிலையத்தில் மாற்றியபோது நானும் உலையின் முகப்பில் நின்றேன். முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கும், துடைக்க முடியாது, கையில் கட்டிய, கதிர்வீச்சை அளக்கும் டோஸ் மீட்டர் கத்தினால் பாதியில் விட்டுவிட்டு வெளியே ஓடிவர வேண்டும்.

மாற்றியதோடு கவலை தீர்ந்ததா? குஜராத்தின் காக்ராப்பார் நிலையத்தில் புதுக் குழாய் போட்டுச் சில வருஷங்களே ஆன முதல் யூனிட்டில், 2016 மார்ச் 11 அன்று குழாய் விட்டது. பிறகு பார்த்தால், உள்பக்கம் இல்லை, யாரும் எதிர்பார்க்காத வெளிப்பக்கத்தில் அரிப்பு. புது உலையில் பழுது எங்கே வரும் என்று புத்தகம் ஓரளவு சொல்லிவிடும். வயதான உலையில் அது புத்தகம் சொல்லாத இடத்தில் வருகிறது. அங்கே முதலில் போய் நிற்பது உங்கள் இன்ஜினியர் இல்லை. விளக்குமாறோடும் துணியோடும் நிற்கிற, நாளொன்றுக்குச் சம்பளம் வாங்குகிற ஆள். அவன் கையில் இருந்த பேனாவை நீங்கள் பிடுங்கியிருக்கிறீர்கள்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை முழுப் பாதுகாப்பு ஆய்வு கேட்கிறது. அதற்குப் பெட்டி பெட்டியாகக் காகிதம் போகும், தெரியும், நானே தூக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் போகிற காகிதம் "முன்னறிகுறி எதுவும் தென்படவில்லை" என்று சொல்லும்படி நீங்களே ஏற்பாடு செய்துவிட்டால், அதைப் படிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

நான் கேட்பவை இவை.

முதலில், அந்தச் சர்க்குலரின் மூன்றாவது பத்தியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். நோட்டை அதே மேசையில், அதே இடத்தில், பேனாவோடு வையுங்கள். கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்றால் பதியுங்கள், ஆனால் லாகின் இல்லாத ஆளுக்கும் எழுத ஓர் இடம் வேண்டும். தமிழோ கன்னடமோ இந்தியோ குஜராத்தியோ, எந்த மொழியில் எழுதினாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் எழுதிக்கொடுக்க ஷிஃப்டுக்கு ஒருவரை நியமியுங்கள். எழுதியவருக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு வாரத்துக்குள் ஒரு வரிப் பதில் போக வேண்டும். உப்பில்லாத சாம்பாருக்கும் சேர்த்துத்தான். பதில் வந்தால்தான் ஆள் அடுத்த முறை எழுதுவான்.

இரண்டாவது, குறை சொன்னதால் வேலை நின்ற நாளுக்கு ஒப்பந்ததாரருக்குப் பணம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். அந்த சூப்பர்வைசர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பில் நிற்கும் என்று பயந்தவர். அந்தப் பயத்தை உண்டாக்கியது உங்கள் டெண்டர். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பழகிய ஆட்களில் பெரும்பகுதியினரைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் வர வேண்டும்.

மூன்றாவது, மாதாந்திரக் கூட்டத்தில் பதிவான குறைகளின் எண்ணிக்கையைக் கெட்ட மார்க்காகப் போடுவதை நிறுத்துங்கள். எத்தனை எழுதினார்கள் என்பதை விட்டுவிட்டு, எழுதியதில் எத்தனை பார்க்கப்பட்டது, எத்தனை நாளில் என்று கேளுங்கள். தலைமையகத்தில் இருப்பவர்களுக்குத்தான் இது முக்கியமாக.

நான்காவது, குழாய்க் கனம் அளக்கும் பட்டியலை, அடுத்த நீண்ட ஷட்டவுனுக்கு முன் வரைபடத்தோடு கையில் எடுத்துக்கொண்டு, இடம் இடமாக நடந்து சரிபாருங்கள். உட்கார்ந்து சரிபார்ப்பது வேறு, நடந்து சரிபார்ப்பது வேறு. என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேராவது வருவோம். எனக்குச் சம்பளம் வேண்டாம், பஸ் செலவும் பேட்ஜும் கொடுத்தால் போதும். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் படி ஏறிவிடுவேன்.

ஐந்தாவது, அந்த வெல்டு விட்ட சம்பவத்தின் அறிக்கையைத் திறந்து, "முன்னறிகுறி எதுவும் தென்படவில்லை" என்ற வாக்கியத்தைத் திருத்துங்கள். திருத்திய அறிக்கையை ஒழுங்குமுறை வாரியத்துக்கும் மற்ற நிலையங்களுக்கும் அனுப்புங்கள். ஃபீட் வாட்டர் லைனில் அதே மாதிரி இருக்கும் மற்ற டிரெயின் இணைப்புகளின் லேகிங்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்பதையும் அதில் எழுதுங்கள்.

இந்த மடலின் அச்சுப் பிரதி ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே கடிதத்தை ஒழுங்குமுறை வாரியத்துக்கு என் கையெழுத்தோடும் பணி எண்ணோடும் அனுப்புவேன்.

இன்னொன்று. அந்தப் பையன் யார் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவனைப் பற்றிய அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். யாரையாவது சந்தேகப்பட்டு கேட் பாஸை நிறுத்தினால், அதற்கும் நான் உங்களிடமே எழுத்தில் விளக்கம் கேட்பேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் மெயின்டெனன்ஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஃபோர்மேன்